இருபத்திரண்டில் படுத்த முள்

பதினோரு நாளாக அந்த மீட்டர் முள் அவளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது. முதல் ஷிப்டில் ஐம்பத்தேழில் நிமிர்ந்து நிற்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வந்து துப்பாக்கியைக் கையில் எடுத்தாளோ இல்லையோ, இருபத்திரண்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் எழுந்திருக்காது.

துப்பாக்கி என்றதும் யாரும் பதற வேண்டாம். பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கி. மருத்துவமனைக் கட்டில்கள் செய்கிற தொழிற்சாலை அது. பற்றவைத்துத் தேய்த்த இரும்புச் சட்டங்கள் சங்கிலியில் தொங்கிக்கொண்டே பெயிண்ட் அறைக்குள் வரும். உள்ளே நிற்பவர் வெளிர்பச்சைப் பெயிண்டை அடிக்க வேண்டும். துப்பாக்கியின் முனையில் பெயிண்டுக்கு மின்சாரம் ஏறும். அப்படி ஏறிய துளிகள் இரும்பைத் தேடிப் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று அடித்தால் கட்டில் காலின் பின்பக்கத்திலும் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு வோல்ட் வேண்டும், சாதாரணமாக இல்லை, ஐம்பதாயிரத்துக்கு மேல் (முள் காட்டும் ஐம்பத்தேழு என்பது ஐம்பத்தேழாயிரம்). அது விழுந்துவிட்டால் துளிக்குத் திசை தெரியாது. பாதி பெயிண்ட் காற்றில் போகும், சட்டத்தின் பின்பக்கம் வழுக்கையாக நிற்கும். சோதனை மேசையில் உட்கார்ந்திருப்பவர் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு அதை ஒதுக்கிவிடுவார். பதினோரு நாளில் அவள் ஷிப்டில் மட்டும் இருநூற்றுப் பதினாறு பெருக்கல் குறிகள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் கடுகு. நாலடி எட்டங்குலத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவள் கோபித்துக்கொள்வதில்லை. உயரத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தால் சிரிப்பாள். வேலையைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கடித்துக் குதறிவிடுவாள்.

பத்தாவது முடித்துவிட்டு வந்தவள், ஆறு வருடம் தேய்ப்புப் பிரிவில் மணல்தாள் பிடித்தாள். அங்கே முப்பது பேர், முப்பது பேரும் பெண்கள். பெயிண்ட் அறையில் இரண்டு பேர், இரண்டு பேரும் ஆண்கள். தூசி பெண்களுக்கு, துப்பாக்கி ஆண்களுக்கு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டபோது, "பொம்பளைக்குக் கை நிதானம் இருக்காதும்மா" என்றார்கள். அந்த முப்பது பெண்களும் முடி அகலக் கீறலை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பவர்கள். கை நிதானமாம்! அவள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெயிண்ட் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே பழகினாள். ஒருநாள் பெயிண்டர் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, சோதனை வையுங்கள் என்று மல்லுக்கு நின்றாள். வைத்தார்கள். பத்துச் சட்டம் அடித்தாள், பத்தும் தேறியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளின் சீப்பை எடுத்துத் தலையில் வறட்டு வறட்டென்று தேய்த்து, காகிதத் துண்டுகள் மேலே தாவுவதைக் காட்டி, "இதுதான்டி இனிமே அம்மாவோட வேலை!" என்று கூத்தாடினாள். அதுவும் ஆகிவிட்டது ஒன்றரை வருடம்.

இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து.

சூப்பர்வைசருக்கு ரிப்போர்ட் என்று பெயர். யாராவது தும்மினால்கூட ரிப்போர்ட் எழுதுகிறவர் என்பதால் வந்த பெயர். அவர் முந்தின நாள் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். 'என் பணித்திறன் குறைவால் ஏற்பட்ட நட்டத்தை ஏற்று, தேய்ப்புப் பிரிவுக்கு மாறச் சம்மதிக்கிறேன்.' கீழே ஒரு கோடு.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மேனேஜர் வர்றார். அதுக்குள்ள கையெழுத்து வேணும்."

"என் திறமைக் குறைவுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"அதே மெஷின், அதே பெயிண்ட், அதே அறை. மாறுறது ஆள் மட்டும்தானே?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. ஆனால் தொழிற்சாலை முழுக்கப் பரவியது அந்த நியாயமல்ல. அவளுக்குக் கைராசி இல்லை என்றார் ஒருவர். சிலர் உடம்பு மின்சாரத்தை உறிஞ்சும் என்றார் இன்னொருவர். பேக்கிங் பிரிவில் ஒரு பெரிய மனிதர் குரலைத் தாழ்த்தி, "பொம்பளைங்க அந்த மாதிரி நாள்ல மெஷினத் தொட்டா இப்படித்தான் ஆகும்" என்றார். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"பதினோரு நாளா தொடர்ந்து விழுதுங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். "உங்க வீட்டுல அது எத்தனை நாளுன்னு கேட்டுட்டு வந்து பேசுங்க!"

பேக்கிங் பிரிவு சிரித்த சிரிப்பில் அந்தப் பெரிய மனிதர் கழிவறைப் பக்கம் போய்விட்டார். ஆனால் சிரிப்பால் முள் எழுந்து நிற்கவில்லை.

காலையில் அவள் கணவன், பள்ளி வேன் ஓட்டுகிறவன், ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னான். "கையெழுத்துப் போட்டுட்டு வாயேன். தேய்ப்புலயும் சம்பளம் ஒண்ணுதானே?"

"சம்பளம் ஒண்ணுதான். நான் ஒண்ணு இல்ல."

அவன் கயிற்றை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப போடாத" என்றான்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் என்றால் அவள் அன்று ஒன்றரைக்கே வந்துவிட்டாள். கூடவே மின்பணியாளர் அண்ணன். சட்டைப்பையில் எந்நேரமும் மின்சோதனைத் திருப்புளி செருகியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆனாலும் அண்ணன்.

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நெட்டை விட்டுட்டுப் போறப்ப ஐம்பத்தேழு இருந்துச்சுன்னு அவன்தான் சொல்றான். நான் கண்ணால பார்த்ததே இல்ல. நீங்க நின்னு பாருங்க."

நெட்டை என்பவன் முதல் ஷிப்ட் பெயிண்டர். ஆறடி மூன்றங்குலம். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெஸ்டர் மீட்டர் முன்னால் போய் நின்றார். நெட்டை கடைசிச் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தான். முள் ஐம்பத்தேழு. அவன் போனான். அவள் உள்ளே போய் உடுப்பு மாட்டி, பீப்பாயில் பெயிண்ட் நிரப்பி, குழாயைச் சரிசெய்து, துப்பாக்கியை அழுத்தினாள். இருபத்திரண்டு.

"அட!" என்றார் டெஸ்டர். "பொய் இல்ல கடுகு. ரெண்டையும் கண்ணால பார்த்துட்டேன்."

அவள் முகம் வாடும் என்று அவர் எதிர்பார்த்தார். அது விளக்குப் போட்டதுபோல் பிரகாசமானது.

"அப்ப இந்தப் பத்து நிமிஷத்துக்குள்ளதான் ஏதோ நடக்குது! பதினோரு நாளைத் தேட வேண்டியதில்ல, பத்து நிமிஷத்தைத் தேடினாப் போதும்!"

பக்கத்து மீட்டரையும் காட்டினாள். அது மின்னோட்டம் காட்டுவது. அந்த முள் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. "பாருங்க, வோல்ட் கம்மி, ஓட்டம் அதிகம். மொட்டை மாடித் தொட்டி நிரம்பல, ஆனா மோட்டார் மூச்சு வாங்குதுன்னா என்ன அர்த்தம்? மோட்டார் ரிப்பேர் இல்ல, வழியில எங்கயோ ஒழுகுது!"

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"மெஷின் புத்தகத்துல. ரிப்போர்ட் அலமாரியில வெச்சுப் பூட்டி, உனக்குப் புரியாதுன்னு சொன்னாரு. அவர் டீ குடிக்கப் போனப்ப நாப்பது பக்கத்தையும் போன்ல படம் எடுத்துட்டேன். அவரு பிரிச்சதே இல்ல போல, பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சு."

தேடல் ஆரம்பமானது. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும், பிறகு நீளக் கைப்பிடி வைத்த எர்த் கம்பியால் பீப்பாயைத் தொட்டு, மிச்சம் இருப்பதையும் தரையில் இறக்க வேண்டும். அப்புறம்தான் கை வைக்கலாம். அவசரப்பட்டால் ஆள் தூக்கி எறியப்படுவார். அவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. ஐந்து மணி நெருங்குகிறது, ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒரு நொடியைக் கூட அவள் திருடவில்லை.

முதலில் பெயிண்ட் குழாயைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மட்டும் வெறுமனே ஓட்டிப் பார்த்தார்கள். அறுபது!

"துப்பாக்கி பத்தரைமாத்துத் தங்கம்!" என்று அவள் குதித்தாள். "இனிமே சந்தேகம் பெயிண்ட் போற வழி மேலதான்."

தண்ணீரில் கரைத்த பெயிண்ட் என்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். துப்பாக்கி முனையில் ஏறுகிற வோல்ட், குழாய்க்குள் இருக்கிற பெயிண்ட் வழியாகவே பின்னால் ஓடிப் பீப்பாய் வரைக்கும் போய்விடும். அதனால்தான் பீப்பாயைப் பிளாஸ்டிக் கால்கள் மேல் ஏற்றிக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைப்பார்கள். அந்தக் கால்களில் ஈரமோ பெயிண்ட் படலமோ இருந்தால் போதும், வோல்ட் அதன் வழியே தரைக்கு இறங்கி ஓடிவிடும். பத்து நிமிடத்தில் நடப்பது பீப்பாய் நிரப்புவதுதானே? இருவரும் அதன் மேல் பாய்ந்தார்கள். நான்கு கால்களையும் துடைத்து, காற்றடித்து, காயவைத்தார்கள். முக்கால் மணி நேரம் போனது. ஓட்டினார்கள்.

இருபத்திரண்டு.

அந்த நேரம் பார்த்தா ரிப்போர்ட் வர வேண்டும்? கையில் அந்தத் தாள்.

"மூணே கால் ஆச்சு. சட்டம் ஒண்ணுகூட வெளிய வரல. எல்லாரும் சொல்றது சரிதான், உடம்பு வாகு. சில பேருக்கு ஒத்துக்காது."

அவள் டெஸ்டரைப் பார்த்தாள். டெஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் ஒரு பொறி.

"உடம்பு வாகுதானே? சரி சார், சோதிச்சுப் பார்த்துடலாம். நெட்டை இன்னும் கேண்டீன்லதான் இருப்பான். கூப்பிடுங்க. எதையும் மாத்த வேணாம், இப்படியே இருக்கட்டும். ஆளை மட்டும் மாத்துவோம்."

நெட்டை வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். பின்னாலேயே செய்தி பரவி, தேய்ப்புப் பிரிவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கண்ணாடிக்கு வெளியே கூடிவிட்டார்கள். நெட்டை துப்பாக்கியை வாங்கி, அலட்சியமாகச் சட்டத்தின் பக்கம் நீட்டி அழுத்தினான்.

இருபத்திரண்டு.

வெளியே ஒரே கூச்சல். ஒருத்தி கண்ணாடியில் மடேர் மடேரென்று அடித்தாள். "டேய் நெட்டை, உனக்கு எத்தனாவது நாளுடா இன்னிக்கு?"

நெட்டைக்கு முகம் சிவந்துபோனது. "கடுகக்கா, சத்தியமா என் கையில இப்படி ஆனதே இல்ல!"

"உன் கையும் இல்ல, என் கையும் இல்ல தம்பி! கையை விட்டுத் தள்ளு!"

கைராசி, உடம்பு வாகு, அந்த மாதிரி நாள் எல்லாம் ஒரே அழுத்தில் செத்தது. இத்தனை காலம் இந்தப் பேச்சுக்கெல்லாம் பலியானவர்கள் எத்தனை பேர்! ஒருவராவது ஒரே ஒரு முறை ஆளை மாற்றிப் பார்த்திருந்தால் போதுமே. யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கு வசதிப்படவில்லை.

ரிப்போர்ட் அசரவில்லை. "சரி, மெஷின் உங்க ஷிப்டுல மட்டும் படுக்குது. காரணம் தெரியாத வரைக்கும் உங்க ஷிப்டை நிறுத்தத்தான் வேணும். ஷிப்ட் இல்லன்னா நீங்க தேய்ப்புக்குத்தான்."

அவளுக்குச் சுரீர் என்றது. குற்றமில்லை என்று நிரூபித்தாலும் தண்டனை அப்படியே இருக்கிறதே!

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்த நெட்டை, முதுகை நெளித்துக்கொண்டு முனகினான். "இந்தக் குழாய் ஏன்க்கா இடுப்புக்குக் கீழ கட்டிக் கிடக்கு? கையையே இழுக்குது. நான் மேல கொக்கியிலதான் மாட்டுவேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு நைலான் கொக்கி தொங்கியது. குழாயை அதில்தான் மாட்ட வேண்டும். அவளுக்கு அது எட்டாது. அதனால் தினமும் குழாயைக் கொக்கியிலிருந்து உருவி, பக்கத்து இரும்புத் தூணில் ஒரு பட்டையால் கட்டிக்கொள்வாள். ஒன்றரை வருடமாகச் செய்கிற காரியம். செருப்பு மாட்டுவதுபோல் ஆகிவிட்டதால் அவள் கணக்கிலேயே வரவில்லை.

"அண்ணே," என்றாள். "எர்த் கம்பி வைங்க. குழாயை மேல மாட்டச் சொல்லுங்க."

மாட்டினார்கள். ஓட்டினார்கள். முள் துள்ளி எழுந்தது. ஐம்பத்தேழு!

வெளியே பெண்கள் கைதட்டினார்கள். உள்ளே ரிப்போர்ட்தான் முதலில் பேசினார், மெதுவாக, சுவைத்து. "தூண்ல கட்டினது யாரு?"

டெஸ்டர் அவசரமாக, "அதுவா கீழ விழுந்திருக்கும் சார்" என்றார். நல்ல மனிதர். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தார்.

அவளுக்கு அந்த ஒரு நொடி மலைபோல் கனத்தது. ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவு நேரம் முள் காட்டியதைத்தானே நம்பினோம்? அது நம் பக்கம் திரும்பும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வதா?

"இல்லண்ணே. நான்தான் கட்டினேன். தினமும் நான்தான் கட்டுறேன்."

ரிப்போர்ட் பேனாவைத் திறந்தார்.

"ஆனா வேலை இன்னும் முடியல!" என்று அவள் கையை உயர்த்தினாள். ரத்தம் மறுபடி சூடேறிவிட்டது. "ஒன்றரை வருஷமா கட்டுறேன். பதினோரு நாளாத்தான் விழுது. குழாய் நல்லா இருந்தா, தூண்ல கட்டினா என்ன, தூக்குல போட்டா என்ன, உள்ள இருக்குற வோல்ட் வெளிய வரக்கூடாது. வருதுன்னா குழாயில ஓட்டை இருக்கு!"

நிறுத்தினார்கள், காத்திருந்தார்கள், எர்த் கம்பி வைத்தார்கள். அவள் குழாயை இறக்கி, பட்டை கட்டுகிற இடத்தை எடுத்தாள். கையுறையைக் கழற்றினாள். ஆறு வருடம் மணல்தாள் பிடித்த விரல்கள் குழாயின் உறை மேல் ஊர்ந்தன. நின்றன.

"இங்க!"

ஊசி முனையளவு ஒரு துளை. ஓரம் கருகியிருந்தது. அதைச் சுற்றிக் காய்ந்த வெளிர்பச்சைப் பொட்டு. அதே மாதிரி ஒரு பொட்டைத் தூணிலும் அவள் தினமும் பார்த்திருக்கிறாள், துடைத்தும் விட்டிருக்கிறாள். சுவரெல்லாம் பச்சையாக இருக்கிற அறையில் ஒரு பச்சைப் புள்ளியை யார் சந்தேகப்படுவார்கள்?

"எர்த் ஆன தூண் ஓட்டைய ஒட்டினாப்பல இருக்கு. வோல்ட் பூரா தூண் வழியா தரைக்குப் போயிடுச்சு" என்றார் டெஸ்டர். "மேல மாட்டினா சுத்தி வெறும் காத்துதான். அதான் காலையில நிக்குது."

"வெறும் காத்து இல்லண்ணே." அவள் குழாயைக் கொக்கியில் இருந்த நிலையில் நினைத்துப் பார்த்தாள். துளை எங்கே வரும்? நெட்டையின் தோளுக்குப் பக்கத்தில். "தம்பி, உனக்குத் தோள்ல ஏதாவது...?"

நெட்டை வாயைப் பிளந்தான். "பத்து நாளா கழுத்தாண்ட சுருக் சுருக்குன்னு குத்துதுக்கா! வாயுன்னு நெனச்சு, எங்க அம்மா தினமும் கஷாயம் வெச்சுக் குடுக்குது!"

குத்தியது வாயு இல்லை, துளையிலிருந்து தாவிய மின்சாரம் என்று புரிந்ததும் அவன் அங்கேயே ஒரு காலி டப்பா மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் வந்தார். ரிப்போர்ட் முந்திக்கொண்டார். "கண்டுபிடிச்சாச்சு சார். இவங்க குழாயைத் தப்பாக் கட்டியிருக்காங்க. இவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டேன், எழுதுங்க" என்றாள் அவள். "அதோட இதையும் எழுதுங்க. கொக்கி எனக்கு எட்டல. நின்னு வேலை செய்ய ஒரு மேடை வேணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். பதிலே வரல. தூண்ல கட்டாதன்னு யாரும் சொல்லித் தரல, மெஷின் புத்தகத்தையும் பூட்டி வெச்சுட்டாங்க."

"எட்டலன்னா?" மேனேஜர் புருவத்தை நெரித்தார். "கொக்கி எட்டாத உயரத்துலயா இருக்கும்?"

அவர் கையை நீட்டினார். எட்டவில்லை. குதிகாலை எம்பினார். எட்டவில்லை. கோட்டைக் கழற்றி டெஸ்டர் கையில் கொடுத்துவிட்டு ஒரு குதி குதித்தார். விரல் நுனி கொக்கியில் பட்டு, அது ஊஞ்சல்போல் ஆடியது. கண்ணாடிக்கு வெளியே ஏழெட்டுப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"இதை யாருய்யா இவ்வளவு உயரத்துல வெச்சது?"

"அப்ப இருந்த பெயிண்டர் ரெண்டு பேரும் கொஞ்சம் உயரம், சார்..." என்றார் ரிப்போர்ட்.

"அந்த மூணு கடுதாசி எங்க?"

எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் எழுதுகிறவரிடம் அதற்கு மட்டும் ரிப்போர்ட் இல்லை.

மேனேஜர் அந்தச் சம்மதத் தாளை வாங்கி, நாலாக மடித்துப் பையில் போடப் போனார்.

"மடிச்சு வெச்சா போதாது சார்" என்றாள். "ரத்துன்னு எழுதித் தேதி போடுங்க. இல்லன்னா நாளைக்கு இன்னொரு கை அதைப் பையிலிருந்து எடுத்து மறுபடி என் முன்னால நீட்டும்."

அவர் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு ரிப்போர்ட்டிடமிருந்து பேனாவை வாங்கி, எழுதினார்.

புதுக் குழாய் போட அரைமணி நேரம். அதற்குள் பேக்கிங் பிரிவில் கட்டில்களை அடுக்குகிற மரப்பலகைகளை அடுக்கி ஆணியடித்துத் தொடை உயரத்துக்கு ஒரு மேடை வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் வேறு யாருமல்ல, குரலைத் தாழ்த்திப் பேசிய அந்தப் பெரிய மனிதரேதான். யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அவள் ஏறி நின்று, குழாயைத் தன் கையாலேயே கொக்கியில் மாட்டி, துப்பாக்கியை நீட்டி அழுத்தினாள்.

பச்சை மேகம் ஒன்று கிளம்பியது. அது சிதறவில்லை. நாய்க்குட்டிகள் கூப்பிட்டதும் ஓடுவதுபோல் துளியெல்லாம் சட்டத்தை நோக்கி ஓடின. கால்களைச் சுற்றின, குறுக்குக் கம்பியின் அடிவயிற்றைத் தேடிப் போய் அப்பின. அவள் மேடையிலிருந்து இறங்கி, டார்ச் விளக்கோடு சட்டத்தின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரு நகக்கண் அளவு இடைவெளி இல்லை.

தொண்டை கிழிய ஒரு குரல் கொடுத்தாள்.

"சங்கிலியை வேகமா விடுங்கப்பா! இருநூத்துப் பதினாறையும் தேய்ச்சுத் திருப்பி அனுப்புங்க, எல்லாத்துக்கும் முதுகு போர்த்திவிடணும்!"